காலி இடம் என்றார்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். பிறந்து வளர்ந்ததும் அந்த மலையில்தான். வேலை கிடைத்த பிறகு அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் குடியிருக்கிறேன். டிப்போவில் என்னைக் கோபக்காரன் என்பார்கள். இல்லை என்று சொல்லப்போவதில்லை. உள்ளூர் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவனைப் பார்த்து வரும் கோபம் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ஆறிவிடும். எங்கள் ஊர்க் களத்தில் சோலார் நட்டதை நினைத்தால் வரும் கோபம் மட்டும் ஆறுவதாக இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சோலார் மீது எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. மலையில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். லைன் மேல் மரம் சாய்ந்தால் கீழேயிருந்து ஆள் வந்து எடுத்துப்போட நாள் கணக்கில் ஆகும். அதுவரை மோட்டார் ஓடாது, டேங்கில் தண்ணீர் ஏறாது, பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்க வேண்டியதுதான். மலைக் கிராமங்கள் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை அங்கங்கேயே எடுத்துக்கொள்ளலாம், அரசாங்கமே டெண்டர் விட்டுச் செய்து தரும் என்று அறிவித்தபோது ஊரோடு சேர்ந்து நானும் கை தட்டினேன். நல்ல திட்டம்தான். நல்ல திட்டத்தை எடுத்து ஒருத்தியின் சோற்றுப் பானையில் நட்டார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த ஒருத்தி என் அக்கா.

எங்கள் ஊரில் சாமை அறுத்தால் எல்லா வீட்டுக் கட்டும் பொதுக் களத்துக்குத்தான் வரும். முறை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக மாடு கட்டி மிதித்து, தூற்றி, காயவைத்து, மூட்டை கட்டுவார்கள். மூட்டையைத் தூக்கிய பிறகு அந்த வீட்டார் களத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. மண் வெடிப்பிலும் ஓரத்திலும் தங்கிப்போன தானியம் நிலமில்லாத பெண்களுக்கு. அவர்கள் துடைப்பமும் முறமுமாக வந்து கூட்டி, மண் போகப் புடைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தா என்று யாரும் கொடுப்பதில்லை, கொடு என்று யாரும் கேட்பதில்லை. மிதித்த வீட்டுக்காரர் கையில் துடைப்பத்தை எடுத்தால் ஊரே சிரிக்கும். அதற்குப் பயந்து எல்லோருமே கொஞ்சம் தாராளமாகத்தான் தூற்றுவார்கள்.

அப்படிக் கூட்டி எடுத்த சாமையில்தான் அக்கா வருஷம் முழுக்கச் சாப்பிட்டாள். அவள் புருஷன், என் மாமா, செத்ததும் அவர் பங்குக்கு இருந்த மலைச்சரிவு நிலம் அவருடைய அண்ணன்காரர்களோடு சேர்ந்துபோயிற்று. அக்கா பேரில் ஒரு காகிதமும் கிடையாது. மேல்செலவுக்குக் கடுக்காய் பொறுக்குவாள், கூலிக்குப் போவாள், சோறு மட்டும் களத்திலிருந்து வரும். என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். “உன் பொண்டாட்டி நல்லவதான்டா. அதுக்கோசரம் நான் அவ சோத்த துன்ன முடியுமா?” என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சித்திரை மாதத்தில் திட்ட அலுவலகத்திலிருந்து இடம் பார்க்க வருகிறார்கள் என்று ஊருக்குத் தகவல் வந்தது. அன்று எனக்கு வார விடுமுறை. நானும் மலைக்குப் போயிருந்தேன்.

வெளியாள் வந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்குள் உட்காரவைக்க மாட்டார்கள். வீடுகள் சின்னவை, புகை அடைந்தவை. மரியாதைப்பட்ட விருந்தாளியைக் களத்தில்தான் உட்காரவைப்பார்கள். அதனால் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் சொல்லி, ஊரே களத்தைத் தயார் செய்தது. ஓரத்தில் கிடந்த வைக்கோலை அள்ளி அப்புறப்படுத்தினார்கள். நடுவில் மாடு கட்டும் கம்பத்தையும் பிடுங்கி எங்கேயோ கொண்டுபோய்ச் சாய்த்துவைத்தார்கள். அக்காதான் விடியற்காலையிலிருந்து களம் முழுக்கக் கூட்டி, சாணி போட்டு மெழுகி, நாலு மூலையிலும் கோலம் போட்டாள். தூசி இல்லை, துரும்பு இல்லை. அப்படியே உட்கார்ந்து சோறு போட்டுச் சாப்பிடலாம்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரிக்கு வயது குறைவு, பேச்சு இனிமை. களத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது.

“எவ்ளோ நீட்டா இருக்கு! நிழலே இல்ல பாருங்க, சுத்திலும் ஒரு மரம் இல்ல. சூப்பர்!”

நிழல் இல்லாமல் தானாக எப்படி இருக்கும்? களத்தின் மேல் ஒரு கிளை நீண்டாலும் அன்றைக்கே வெட்டிவிடுகிற ஊர் அது. அந்த வெயிலை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்ததே எங்கள் ஆட்கள்தான். இதையெல்லாம் யாரும் அவரிடம் சொல்லவில்லை. களத்தைப் பார்த்து இது என்ன இடம் என்று தெரியாத ஒரு மனுஷன் இருப்பான் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. சோலாருக்கு நாங்கள் நினைத்து வைத்திருந்தது ஊருக்குத் தெற்கே இருக்கிற மொட்டைப் பாறையை. அதில் புல்கூட முளைக்காது, வெயிலுக்கும் குறைவில்லை. டீ குடித்து முடித்ததும் அங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தோம்.

அதிகாரி போனை எடுத்தார். “கொஞ்சம் தள்ளிக்கங்க எல்லாரும். ஆள் இல்லாம எடுக்கணும்” என்றார். எல்லோரும் நகர்ந்தோம். அக்கா சாணி வாளியையும் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அவர் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார்.

“பாறை அந்தாண்ட இருக்குதுங்க, பாத்துட்டு போலாங்க” என்றார் ஊர்க்கவுண்டர்.

“பாத்துக்கலாம், பாத்துக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டதாம்.

விருந்தாளியை நன்றாக உபசரித்துவிட்டோம் என்று ஊர் சந்தோஷப்பட்டது. பாறையைப் பார்க்க இன்னொரு நாள் வருவார்கள் என்று நினைத்தோம்.

ஆவணியில் ஒரு நாள் வடக்கனந்தல் நிறுத்தத்தில் ஒருவர் முதுகுப் பையோடு என் பஸ்ஸில் ஏறினார். கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் சூப்பர்வைசர். பின்னால் லாரியில் இரும்புக் கம்பங்கள் வருகின்றன என்பது அவர் போனில் பேசியதிலிருந்து புரிந்தது. மலை ஏறும் வரை கத்திக்கொண்டே வந்தார். “சைட்டுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல சார். பொறம்போக்கு. சும்மா காலியா கெடக்கு. லெவல் பண்ணக்கூட வேணாம், எவனோ மெழுகியே வச்சிருக்கான்” என்று சொல்லிச் சிரித்தார்.

டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் ஊர் பேரைச் சொன்னார்.

“அது காலி எடம் இல்லீங்க. களம். சாமை அடிக்கிற எடம்.”

“படத்துல ஒண்ணுமே இல்லியேங்க” என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. போனைத் திறந்து காட்டினார். அக்கா மெழுகிய களம் பளபளவென்று கிடந்தது, மூலையில் கோலம்கூடத் தெரிந்தது. கோலத்தைப் பார்த்த பிறகும் காலி இடம் என்று ஒருவருக்குத் தோன்றுமானால் அவரிடம் நான் என்ன பேச? பஸ்ஸில் ஆட்கள் நின்றுகொண்டிருந்ததால் கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

ஊர்க்கவுண்டரையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் இருக்கிற திட்ட அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரி எங்களை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார், டீ வாங்கி வரச் சொன்னார். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், சாகும்வரை மறக்க மாட்டேன்.

“உங்க பாறை நல்ல பாறைதான். நான் ஒத்துக்கறேன். ஆனா டெண்டர்ல பாறை இல்லீங்க.”

கம்பம் நடுவதற்கு மண்ணில் குழி தோண்டத்தான் டெண்டரில் விலை போட்டிருக்கிறார்களாம். பாறையில் துளை போடுவதற்கு விலை போடவில்லையாம். மலைக்கென்று ஒரு திட்டம் போடுகிறார்கள், அதில் பாறை இல்லை! எங்கேயோ மேசை மேல் காகிதத்தை விரித்து வரைந்திருக்கிறார்கள். மேசை சமமாக இருக்கிறது, மலையும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அடுத்தது கேபிள். எல்லா ஊருக்கும் ஒரே நீளம். பாறையிலிருந்து மோட்டாருக்குக் கேபிள் எட்டாது.

“கொறையுற கேபிள ஊர்ல வசூல் பண்ணி நாங்க வாங்கி குடுத்துடறோங்க. பாறையில ஓட்டையும் நாங்களே போட்டு குடுக்கறோம். எங்க பசங்க கெணத்து வேலைக்கு போறவனுங்கதான்” என்றார் ஊர்க்கவுண்டர்.

“பொதுமக்கள்கிட்டருந்து பொருள் வாங்க வழி இல்லீங்களே. நாளைக்கு ஆடிட்ல நான்தான் நிக்கணும்.”

“அப்ப டெண்டர கொஞ்சம் மாத்த முடியாதுங்களா?”

“மாத்தினா திரும்ப முதல்லேருந்து விடணும். அதுக்குள்ள நிதி திரும்பிப் போயிடும். அப்புறம் உங்க ஊருக்கு சோலாரே கிடையாது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு உன் விருப்பம் என்ன என்று கேட்பது இதுதான். மிரட்டியிருந்தால்கூடத் தேவலை, நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் டீயை என் பக்கம் நகர்த்திவைத்துக்கொண்டே சொன்னார். அந்த டீயை நான் குடிக்கவில்லை. என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான் என்று நினைக்கும்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் வாயை அடைப்பதற்காக ஊரிலேயே ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். களத்தில்தான் வைத்தார்கள். ஒரு பக்கம் கம்பங்கள் குவிந்து கிடந்தன. அதிகாரி மைக்கைப் பிடித்து, இந்தத் திட்டத்தால் பாதிப்பு இருக்கிறவர்கள் முன்னால் வரலாம், பதிவு செய்துகொள்கிறோம் என்றார். நிலமுள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் சமாளித்துக்கொள்ளலாம். அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகளில் மொட்டை மாடி இருக்கிறது, தார் ரோடு இருக்கிறது. தண்ணீரும் வேண்டும் அவர்களுக்கு. யாரைக் குற்றம் சொல்ல?

அக்கா எழுந்து போனாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

“எனக்குத்தாங்க பாதிப்பு” என்றாள்.

“உங்க சர்வே நம்பர் சொல்லுங்கம்மா.”

“நம்பர்லாம் இல்லீங்க.”

“பட்டா?”

“இல்லீங்க.”

“அப்ப இதுல உங்களுக்கு எதும்மா போவுது?”

அவள் கீழே காட்டினாள். “இங்க கூட்டி எடுத்துத்தாங்க துன்னுக்கினு இருக்கேன்.”

அதிகாரிக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். அதிகாரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், பாவமாகத்தான் பார்த்தார், பிறகு மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார். “சிந்தினத எடுக்கறத பாதிப்புன்னு போட முடியாதும்மா. அதுக்கு காலம் இல்ல.”

அவர் சொன்ன காலம் இங்கிலீஷ் காலம்; காகிதத்தில் அதற்கொரு கட்டம் இல்லை என்று அர்த்தம். சிந்தினது! அவள் ஒரு வருஷத்துச் சோற்றை அந்த ஒரு சொல்லில் தள்ளிவிட்டார். நான் எழுந்து கத்தினேன். மலையைப் பார்க்காமல் மலைக்குத் திட்டம் போடுகிறீர்கள், களத்தைப் பார்த்துவிட்டுக் காலி இடம் என்கிறீர்கள், இவள் வயிற்றுக்கு யார் டெண்டர் விடுவது என்று என்னென்னவோ கேட்டேன். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். அக்கா வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். “கவர்மெண்டு வேலைல இருக்கற. கம்முனு இருடா” என்றாள்.

ஆட்சேபணை எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்கள்.

பேனல்கள் ஏறின. சுற்றிலும் கம்பி வேலி, பூட்டு, எச்சரிக்கைப் பலகை. நியாயத்தைச் சொல்ல வேண்டும், வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். மோட்டார் ஓடுகிறது. காற்றடித்தாலும் டேங்கில் தண்ணீர் இருக்கிறது. தெருவிளக்கு எரிகிறது. என் அக்காவும் அந்தத் தண்ணீரைத்தான் பிடித்துக் குடித்தாள்.

ஐப்பசி முடியும்போது சாமை அறுப்பு வந்தது. மாடி இருந்தவர்கள் மாடியில் அடித்தார்கள். இல்லாதவர்கள் ரோட்டில் கட்டுகளைப் போட்டார்கள். மலை ரோடு குறுகல், வளைவுக்கு வளைவு சாமை கிடந்தது. எங்கள் டிரைவர் திட்டிக்கொண்டே அதன் மேல் மெதுவாக பஸ்ஸை ஏற்றினார், வேறு வழி இல்லை. வண்டிகளுக்குப் பயந்து அவசர அவசரமாக அள்ளும்போது ஒவ்வொரு வீட்டாரும் தாங்களே துடைப்பத்தை எடுத்தார்கள். களத்தில் துடைப்பம் தொடக் கூசிய அதே கைகள். ரோட்டுக்கு அந்த வெட்கம் கிடையாது. ரோட்டில் மிச்சம் விட்டால் அடுத்த லாரி அடித்துக்கொண்டு போய்விடும் என்கிறபோது யார் விடுவார்கள்? மாடியில் சொல்லவே வேண்டாம். அடுத்தவர் வீட்டு மாடிக்கு முறத்தோடு ஏற யாருக்கு மனசு வரும்?

ஒரு மத்தியானம் பஸ் வளைவில் திரும்பும்போது பின்படியில் நின்றிருந்தேன். பஸ் கடந்த இடத்தில் அக்கா குனிந்து ரோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முறத்தில் ஜல்லியும் தார்த் தூளும்தான் நிறைய இருந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை. விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தி இறங்கி என்ன சொல்வது?

ஊர் மோசமான ஊர் இல்லை, அதையும் எழுத வேண்டும். நிலைமையைப் பார்த்து ஊர்க்கவுண்டர் எல்லா வீட்டுக்கும் சொன்னார். அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு வீடு, நிலமில்லாத ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு படி சாமையைத் தனியாக எடுத்துவைத்தார்கள். கூட்டி எடுத்ததைவிட அது ஜாஸ்தியாகவே வந்திருக்கும். மண் இல்லை, கல் இல்லை, புடைக்கவும் வேண்டாம். வாசலுக்குப் போய் நின்றால் போதும். மற்றப் பெண்கள் போனார்கள். அக்கா போகவில்லை. ஒரு வீட்டுப் பெண் சாமையை எடுத்துக்கொண்டு இவள் வாசலுக்கே வந்திருக்கிறாள். திருப்பி அனுப்பிவிட்டாள்.

திமிர் என்று சிலர் சொன்னார்கள். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. தை பிறந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். அதுவும் நான் வேலையில் இல்லாத நாளாகப் பார்த்து. உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில் தட்டுக் கழுவுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

விடுமுறை போட்டுப் போனேன். ஓட்டலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சோப்பு நுரையில் கை வெளுத்துப்போயிருந்தது. அவ்வளவு நாள் வெயிலில் நின்றவளை ஒரு தகரக் கொட்டகைக்குள் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“கெளம்பி வாக்கா. என் வூட்டுக்கு வர வேணாம், ஊருக்கே வா. எல்லாரும் சாமை எடுத்து வச்சிருக்காங்க. பாவம், நல்ல மனசோடதான குடுக்கறாங்க?”

“குடுக்கறாங்கடா. யாரு இல்லன்னா?”

“அப்புறம் இன்னா?”

அவள் தட்டைக் கழுவி அடுக்கிக்கொண்டே பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. “அங்க நான் கூட்டி எடுத்தேன். யாரும் குடுக்கல, நானும் வாங்கல. இப்ப வாசல்ல போய் நிக்கணும். இன்னிக்கு நல்ல மனசோட குடுக்கறாங்க, நாளைக்கு சலிச்சுக்கினு குடுப்பாங்க. ரெண்டுக்கும் நான் கை நீட்டணும். இங்க தட்டு கழுவறேன், சோறு போடறான். இதுல யாரும் எனக்கு தர்மம் பண்ணல.”

களம் போனது என்றுதான் நான் அதுவரை எல்லா இடத்திலும் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் கத்தியதும் அதற்குத்தான். இவளிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அதற்கு எங்கள் ஊரிலேயே பேர் இல்லை, நான் எந்த அதிகாரியிடம் போய் அதைக் கேட்பேன்? அங்கேயே, தட்டுகளுக்கு நடுவில், எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழுவாதடா, ஆளுங்க பாக்கறாங்க” என்றாள். வெளியே திருச்சி பஸ் வந்து நின்றது. சாப்பாட்டுக்கு ஆட்கள் இறங்கினார்கள். முதலாளி உள்ளேயிருந்து தட்டு கேட்டுக் கத்தினார். அவள் அடுக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.